வீட்டில் ஒருவரின் வாழ்க்கையை எழுதுவது: கொழும்பில் இருந்து தொடங்குகிறவர்களுக்கு

எங்கள் வீடுகளில் வாழ்க்கை வரலாறு என்று ஒன்றை எழுதுவது பெரும்பாலும் ஆள் போன பிறகுதான். அந்தியேட்டிக் கிரியைக்கு முதல், இறந்தவரின் நினைவாகக் கொடுக்கும் கல்வெட்டு என்ற சிறு புத்தகம் அச்சாகி வந்துவிட வேண்டும். சமையலுக்கு ஆள் பிடிப்பது, வெளிநாட்டில் இருந்து வந்தவர்களுக்குப் படுக்க இடம் பார்ப்பது எல்லாவற்றுக்கும் நடுவில், தமிழ் நன்றாக எழுதுவார் என்று பெயரெடுத்த யாரோ ஒரு மருமகனின் தலையில் அந்த வேலை விழும். "சைவமும் தமிழும் தழைத்தோங்கும் பதியில் சிரேஷ்ட புத்திரனாக அவதரித்து, கடமையே கண்ணாக உழைத்து, இன்முகத்துடன் விருந்தோம்பி" என்று இரண்டு பக்கம் எழுதிக் கொடுப்பார். அச்சகத்தில் பெயரை மட்டும் மாற்றினால் பக்கத்து வீட்டுக்காரருக்கும் அது பொருந்தும்.

கல்வெட்டைக் குறை சொல்லவில்லை. வம்சாவளிக்கு அதைவிட நல்ல ஆவணம் எங்களிடம் இல்லை. ஆனால் அந்த மனிதர் எத்தனை மணிக்கு எழும்பினார், எந்த பஸ்ஸில் கந்தோருக்குப் போனார், சம்பளம் வந்த அன்று வீட்டுக்கு என்ன வாங்கி வந்தார் என்பதெல்லாம் அதில் வராது. பேரப்பிள்ளைகள் பிறகு கேட்கப்போவது இவற்றைத்தான். இதை எழுத ஆசைப்பட்டு, எங்கே தொடங்குவது என்று தெரியாமல் இருப்பவர்களுக்காக இந்தக் கட்டுரை. நீங்கள் கொழும்பில் இருக்கிறீர்கள், எழுதப்போவது அப்பாவையோ அம்மம்மாவையோ அப்பப்பாவையோ, இதற்கு முன் கடிதத்துக்கு மேல் எதுவும் எழுதியதில்லை என்று வைத்துக்கொள்கிறேன்.

ஆளையும் காலத்தையும் குறுக்குங்கள்

குடும்ப வரலாறு முழுவதையும் எழுதப் புறப்படாதீர்கள். ஒருவரைப் பிடியுங்கள். அவரிலும் ஒரு காலத்தைப் பிடியுங்கள். ஊரில் இருந்து கொழும்புக்கு வந்ததில் இருந்து கலியாணம் வரை என்றோ, 1956 முதல் 1983 வரை என்றோ ஒரு வேலி போட்டுக்கொண்டால் வேலை நடக்கும். பிறப்பில் தொடங்கி இறப்பு வரை எழுதுவேன் என்று இறங்கியவர்களில் பாதிப் பேர் எட்டாம் வகுப்போடு நின்றுவிடுகிறார்கள். மற்றக் காலத்தை இரண்டு பக்கத்தில் சுருக்கிச் சொன்னால் போதும்.

எழுத நினைப்பவர்களில் ஒருவர் உயிரோடு இருக்கிறார், மற்றவர் போய்விட்டார் என்றால் உயிரோடு இருப்பவரில் இருந்து தொடங்குங்கள். பத்திரங்கள் காத்திருக்கும், ஞாபகம் காத்திருக்காது.

ஒரு தடித்த சீஆர் கொப்பி வாங்குங்கள். ஒரு பக்கத்துக்கு ஓர் ஆண்டு. மேலே ஆண்டு, பக்கத்தில் அவருக்கு அப்போது என்ன வயது. கீழே தெரிய வருவதை எல்லாம் எழுதிக்கொண்டே போங்கள். ஒவ்வொரு வரிக்கும் முன்னால் ஓர் எழுத்துப் போடுங்கள். பத்திரத்தில் பார்த்தது என்றால் "ப", நேரில் கண்டவர் சொன்னது என்றால் "க", கேள்விப்பட்டவர் சொன்னது என்றால் "கே". பிறகு இரண்டு தகவல் மோதும்போது இந்த எழுத்துத்தான் கைகொடுக்கும். கணினியில் எக்செல் போட்டுச் செய்கிறவர்களும் உண்டு. எனக்கு கொப்பிதான் வசதி, வயதானவர்களுக்கு முன்னால் மடிக்கணினியைத் திறந்தால் அவர்கள் பேச்சு மேடைப் பேச்சாக மாறிவிடுகிறது.

அலுமாரியைத் திறப்பது

எந்தத் திணைக்களத்துக்கும் போக முதல் வீட்டில் இருப்பதைப் பாருங்கள். அலுமாரியின் மேல்தட்டு, பழைய டிரங்குப் பெட்டி, சாமி அறை, பழைய கலியாண அல்பத்தின் பின்னட்டை. எல்லாவற்றையும் பகல் வெளிச்சத்தில் போனில் படம் எடுத்துவிட்டு, இருந்த ஒழுங்கிலேயே திரும்ப வையுங்கள். ஒரே உறைக்குள் கிடக்கும் கடிதமும் ரசீதும் ஒன்றோடொன்று சம்பந்தப்பட்டவையாக இருக்கலாம்.

பழைய அடையாள அட்டையில் இருந்தே பிறந்த நாளைப் படிக்கலாம். ஒன்பது இலக்கமும் கடைசியில் ஓர் ஆங்கில எழுத்தும் உள்ள எண்ணில் முதல் இரண்டு இலக்கம் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்று, அந்த ஆண்டில் எத்தனையாவது நாள் என்பது. பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள் என்று வைத்து எண்ணுவார்கள். பெண் என்றால் அதோடு 500 கூட்டியிருக்கும். ஆகவே 42728 என்று தொடங்கும் அட்டை, 1942ஆம் ஆண்டு 228ஆவது நாளில், அதாவது ஓகஸ்ட் 15இல் பிறந்த ஒரு பெண்ணுடையது. அட்டை தொலைந்து, வங்கிப் புத்தகத்திலோ பென்சன் கடிதத்திலோ எண் மட்டும் எழுதி வைத்திருந்தாலும் இது வேலை செய்யும்.

ஆனால் அட்டையில் உள்ள தேதிதான் உண்மையான பிறந்த நாள் என்று அடித்துச் சொல்ல முடியாது. பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதற்காக வயதைக் கூட்டிக் குறைத்துச் சொன்ன காலம் அது. சாதகக் குறிப்பு இருந்தால் அதையும் பாருங்கள். தமிழ் ஆண்டுப் பெயர் அறுபது வருடத்துக்கு ஒருமுறை திரும்பி வரும். சித்திரபானு என்றால் 1942 சித்திரையில் தொடங்கியதாகவும் இருக்கலாம், 2002இல் தொடங்கியதாகவும் இருக்கலாம், அதில் குழப்பம் வராது. சாதகமும் அட்டையும் ஒத்துவரவில்லை என்றால் இரண்டையும் எழுதி வையுங்கள். இறந்தவர் என்றால் கல்வெட்டில் திதி வெண்பா இருக்கும். ஆண்டு, மாதம், பட்சம், திதி நான்கும் அந்த நாலு வரிக்குள் வந்துவிடும். பழைய பஞ்சாங்கத்தோடு ஒப்பிட்டால் ஆங்கிலத் தேதி கிடைக்கும்.

எங்கள் நாட்டுப் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் இன்னொரு வசதி உண்டு. பாட்டனார் இலங்கையில் பிறந்திருந்தால் அவருடைய பெயர், பிறந்த ஆண்டு, இடம் கேட்கும் கூடு ஒன்று இருக்கிறது. தகப்பன் இலங்கையில் பிறக்கவில்லை என்றால் பூட்டனைப் பற்றிக் கேட்கும் கூடும் உண்டு. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் யார் இந்த நாட்டவர் என்பதைத் தகப்பன், பாட்டன் பிறந்த இடத்தை வைத்துத் தீர்மானித்தது. அதனால் வந்த கூடுகள் இவை. எத்தனையோ பேருக்குக் கஷ்டம் கொடுத்த சட்டம், ஆனாலும் உங்கள் அப்பா இந்தக் கூடுகள் வந்த பிறகு பிறந்தவர் என்றால் அவருடைய பிறப்புப் பத்திரத்தில் மூன்று தலைமுறை ஒரே தாளில் கிடைக்கிறது.

விவாகப் பத்திரத்தை எடுத்தால் முதலில் சாட்சிகளின் பெயரைப் பாருங்கள். மாப்பிள்ளை பெண்ணின் வயது, தொழில், அப்போதைய விலாசம், தகப்பன்மார் பெயர் எல்லாம் இருக்கும். ஆனால் கதையைத் திறந்துவிடுவது சாட்சிகள்தான். யாரென்றே தெரியாத ஒருவர் சாட்சியாகக் கையெழுத்துப் போட்டிருப்பார். விசாரித்தால் ஒரே அறையில் தங்கியிருந்த சிநேகிதர் என்று வரும். பதிவுத் தேதியும் தாலி கட்டிய தேதியும் வேறாக இருப்பது சர்வசாதாரணம், அதை வைத்து யாரையும் சந்தேகிக்க வேண்டாம். முஸ்லிம் வீடுகளில் விவாகப் பதிவில் வலியின் (பெண்ணின் பொறுப்பாளர்) பெயரும், மாப்பிள்ளை பெண்ணுக்குக் கொடுக்கும் மஹர் தொகையும் இருக்கும். கத்தோலிக்க வீடுகளில் ஞானஸ்நானப் பதிவில் ஞானத்தாய், ஞானத்தகப்பன் பெயர் கிடைக்கும். அவர்களும் சாட்சிகளைப் போலத்தான், தேடிப் போகவேண்டிய ஆட்கள்.

காணி உறுதியை வக்கீலுக்கு மட்டும் உரிய தாள் என்று ஒதுக்கிவிடாதீர்கள். சீதன உறுதி ஒன்றை ஆறுதலாக வாசித்துப் பாருங்கள். காணி யாரிடம் இருந்து யாருக்கு வந்தது, வடக்கே யார் காணி, கிழக்கே எந்த ஒழுங்கை, அதில் நின்ற பனை, கிணற்றில் எத்தனை பங்கு, பெண்ணோடு கொடுத்த நகையின் பெறுமதி என்று ஒரு கிராமத்தின் மூலையே அதில் இருக்கும். வீட்டில் உறுதி இல்லாவிட்டாலும், நொத்தாரிசு எழுதிய ஒவ்வொரு உறுதியின் இரண்டாம் பிரதியும் அந்தந்தக் காணிப் பதிவகத்துக்குப் போயிருக்கும்.

எல்லாம் 83 கலவரத்தில் எரிந்துபோச்சு, ஒன்றும் இல்லை என்று பல வீடுகளில் சொல்வார்கள். உண்மைதான். அப்படியான வீட்டுக்காரர் வெளிநாட்டு உறவினரைக் கேட்க வேண்டும். கனடாவுக்கோ லண்டனுக்கோ போனவர்கள் தங்கள் அகதி வழக்குக்காகப் பிறப்புப் பத்திரம், பள்ளிக்கூடச் சான்றிதழ், குடும்பப் படம் என்று எல்லாவற்றின் பிரதியையும் ஒரு ஃபைலில் போட்டு இன்றும் பத்திரமாக வைத்திருப்பார்கள். உங்கள் அப்பப்பாவின் ஒரே படம் ஸ்காபரோவில் ஒரு பேஸ்மென்டில் இருக்கலாம். மலையகத்தில் இருந்து கொழும்புக்கு வந்த குடும்பங்கள் 1949ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானிய வதிவிடச் சட்டத்தின் கீழ் கொடுத்த விண்ணப்பங்களின் பிரதியைத் தேடிப் பாருங்கள். தொடர்ந்து பல ஆண்டுகள் இங்கே குடியிருந்ததை நிரூபிக்க வேண்டியிருந்ததால் தோட்டம், செக்ரோல் என்ற தோட்டத் தொழிலாளர் பெயர்ப் பதிவு, பிள்ளைகளின் பள்ளிக்கூடம் என்று வாழ்க்கையே அதில் எழுதப்பட்டிருக்கும். 1964ஆம் ஆண்டு சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு வந்த தாள்களும் அப்படியே.

கேட்பது எப்படி

முக்கியமான வேலை இதுதான். இதற்குத்தான் அதிக நேரம் வேண்டும்.

"அப்பப்பா எப்படிப்பட்டவர்?" என்று கேட்டால் "நல்ல மனுசன்" என்று பதில் வரும். அதோடு கதை முடிந்தது. குணத்தைக் கேட்காதீர்கள், ஒரு நாளைக் கேளுங்கள். ஒரு மாமியிடம் நான் கேட்டது, "காலமை எழும்பினவுடனே முதலில் என்ன செய்வார்?"

"சவரம். திண்ணையில கண்ணாடியைச் சாத்தி வைச்சிட்டு, கத்தியை வாரில தீட்டுவார். அந்தச் சத்தம் கேட்டால் நாங்கள் எழும்பிவிட வேணும். அவர் முகம் கழுவி வாறதுக்குள்ள ஆரும் படுக்கையில கிடந்தால் ஒண்டும் பேசமாட்டார், அண்டைக்குத் தேத்தண்ணி இல்லை, அவ்வளவுதான்."

கண்டிப்பானவர் என்ற ஒரு சொல்லும் அதில் இல்லை. இனி அதை நீங்கள் எழுதவும் தேவையில்லை.

இந்த மாதிரியான கேள்விகளைக் கொப்பியின் பின்பக்கத்தில் முதலே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கொழும்புக்கு முதல்முதல் வந்த அன்று யார் ஸ்டேஷனுக்கு வந்தது? கையில் என்ன இருந்தது? எங்கே தங்கினீர்கள், அறையில் எத்தனை பேர்? சம்பளம் எவ்வளவு, அதில் ஊருக்கு எவ்வளவு போனது? தீபாவளிக்கு ஊருக்குப் போக முடியாத ஆண்டு என்ன செய்தீர்கள்? வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனைப் பக்கம் இளந்தாரிகள் சேர்ந்து ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, சமையலுக்கு ஒருவரை வைத்து, மாதக் கடைசியில் செலவைப் பங்கு பிரித்து வாழ்ந்த சம்மரி வாழ்க்கையைப் பற்றிக் கேளுங்கள். எண்பது வயதுக்காரரும் அந்த இடத்தில் இருபது வயதுக்குப் போய்விடுவார். யார் நன்றாகப் பாடுவார், யார் காசு கொடுக்காமல் ஏமாற்றுவார், கறியில் மீன் துண்டை எண்ணிப் போட்டது யார் என்று எல்லாம் வரும்.

கேள்வி வறண்டுவிட்டால் பொருளைக் கையில் கொடுங்கள். பழைய குழுப் படம் ஒன்றை எடுத்து இடமிருந்து வலமாக ஒவ்வொருவரையும் கேளுங்கள். அல்லது தாளும் பேனாவும் கொடுத்து, அந்தக் காலத்து வீட்டின் படத்தைக் கீறித் தரச் சொல்லுங்கள். அடுப்படி எங்கே, கிணறு எங்கே, ஆர் எங்கே படுப்பார்கள் என்று கீறும்போதே கதை வந்துகொண்டிருக்கும்.

ஒலிப்பதிவுக்கு உங்கள் போனே போதும். ஆனால் போனை ஃப்ளைட் மோடில் போடுங்கள், இல்லாவிட்டால் நல்ல இடத்தில் யாராவது அழைப்பார்கள். மேலே சுற்றும் ஃபேன்தான் பெரிய எதிரி, ஒரு மணித்தியாலம் நிற்பாட்டி வைக்க அனுமதி கேளுங்கள். கடற்கரைப் பக்கத்து ஒழுங்கைகளில் ரயில் போகும்போது பேச்சை நிறுத்தி வையுங்கள், அவர்களுக்கே அது பழக்கம். தொடங்கும்போது தேதி, இடம், பேசுபவர் பெயர் மூன்றையும் நீங்களே சொல்லிப் பதிவு செய்யுங்கள். பதிவு செய்கிறேன் என்று சொல்லாமல் ஒருநாளும் பதிவு செய்யாதீர்கள். அன்றிரவே இன்னோர் இடத்தில் ஒரு பிரதி போட்டுவிடுங்கள்.

ஒரு இருப்புக்கு ஒரு மணித்தியாலம். அதற்கு மேல் போனால் அவர்களுக்கும் களைப்பு, உங்களுக்கும் காது மந்தம். சகோதரங்களை முதலில் தனித்தனியே கேளுங்கள். இரண்டாம் முறை ஒன்றாக இருத்துங்கள். "இல்லை அக்கா, அது சின்னம்மான்ர கலியாணத்துக்கு" என்று ஒருவர் மற்றவரைத் திருத்தும்போது வருவது வேறு விதமான சரக்கு.

முழுவதையும் எழுத்தில் இறக்க வேண்டாம். கேட்டுக்கொண்டே போய், எத்தனையாவது நிமிடத்தில் என்ன வருகிறது என்று குறித்தால் போதும். நல்ல வசனங்களை மட்டும் அவர்கள் சொன்ன அதே பேச்சில், ஊர் வழக்கு மாறாமல் எழுதி வையுங்கள்.

ஆண்டைப் பிடிப்பது

யாருக்கும் ஆண்டு ஞாபகம் இருக்காது. ஆனால் நாட்டில் நடந்தது ஞாபகம் இருக்கும். "ஜப்பான்காரன் குண்டு போட்ட நேரம்" என்றால் 1942 ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறு. அதைத் தொடர்ந்து கொழும்பை விட்டு ஊருக்கு ஓடியவர்கள் பலர். "ஹர்த்தால்" என்று 1950களைப் பற்றிச் சொன்னால் 1953 ஓகஸ்ட் 12. யாழ்தேவி ஓடத் தொடங்கியது 1956. பஸ் கொம்பனிகளை அரசு எடுத்தது 1958 ஜனவரி 1. அதே ஆண்டு மே மாதத்தில் கலவரம். ஆனால் கலவரம், கப்பலில் காங்கேசன்துறைக்குப் போனது என்று ஒருவர் தொடங்கினால் அது 58ஆ 83ஆ என்று பொறுமையாகக் கேளுங்கள். இரண்டு முறையும் கப்பல் போனது.

நான் மிகவும் விரும்பும் அடையாளம் போயா லீவு. 1966 முதல் 1971 வரை சனி ஞாயிறு வார விடுமுறையாக இருக்கவில்லை. போயா நாளும் அதற்கு முந்திய நாளும்தான் லீவு. "நாங்கள் ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடம் போனோம்" என்று சித்தி சொன்னால் அவருக்கு ஞாபகப் பிசகு என்று நினைக்க வேண்டாம், ஆண்டு கிடைத்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

முத்திரையிலும் கடிதத் தலைப்பிலும் சிலோன் என்று இருந்தால் பெரும்பாலும் 1972 மே 22க்கு முந்தியது. தெருப் பெயர்களும் உதவும். டரட் ரோட் இன்று தர்மபால மாவத்தை, புல்லர்ஸ் ரோட் பௌத்தாலோக மாவத்தை, நொரிஸ் ரோட் ஒல்கொட் மாவத்தை, கிரீன் பாத் ஆனந்த குமாரசுவாமி மாவத்தை. படத்தின் பின்னால் ஸ்டூடியோ முத்திரையில் பழைய பெயர் இருந்தால் காலத்தைக் கொஞ்சம் குறுக்கலாம். கொஞ்சம்தான். பெயர் மாறிய பிறகும் பழைய முத்திரைக் கட்டையையே குத்திக்கொண்டிருந்த கடைகள் உண்டு.

வெளியே போய்த் தேடுவது

கொப்பியில் ஆண்டுகள் ஓரளவு நிரம்பிய பிறகு வெளியே போங்கள். அதற்கு முதல் போனால் நாள் வீண்.

பிறப்பு, விவாக, இறப்புப் பதிவுகளின் பிரதிக்குச் சம்பவம் நடந்த இடத்துக்குரிய பிரதேச செயலகம். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி எல்லாம் திம்பிரிகஸ்யாய பிரிவுக்குள் வரும், கொட்டாஞ்சேனை கொழும்புப் பிரிவுக்குள். பதிவு இலக்கம் தெரியாவிட்டால் ஆண்டைச் சொல்லித் தேடச் சொல்லலாம், அதனால்தான் ஆண்டைக் குறுக்கிக்கொண்டு போகச் சொல்கிறேன். பெயரைப் பல எழுத்துக்கூட்டலில் எழுதிக்கொண்டு போங்கள். அந்தக் காலத்துப் பதிவாளர் ஆங்கிலத்தில் தன் காதுக்குக் கேட்டபடி எழுதியிருப்பார். ஒரே ஆளின் பெயர் மூன்று பத்திரத்தில் மூன்று மாதிரி இருப்பது புதினமில்லை. இறப்புப் பத்திரத்தில் தகவல் கொடுத்தவர் யார் என்ற கூட்டையும் கவனியுங்கள். கடைசி நேரத்தில் பக்கத்தில் இருந்தது யார் என்று சில வேளை அதில்தான் தெரியவரும்.

அரச ஊழியர் என்றால் தேசிய சுவடிகள் திணைக்களத்துக்கு ஒருமுறை போய் வரலாம். கொழும்பு 7இல், சுதந்திர சதுக்கத்துக்குக் கிட்ட. நியமனங்கள், இடமாற்றங்கள் பல வர்த்தமானியில் வந்தன. 1802இல் இருந்து அது வெளியாகிறது. வாசகர் அனுமதி எடுக்க வேண்டும், அடையாள அட்டை தேவை, போக முதல் நேரத்தைத் தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள். பேனாவை வீட்டில் விட்டுவிட்டுப் பென்சில் கொண்டுபோங்கள். பெர்குசன் டைரக்டரி என்ற தடித்த ஆண்டுப் புத்தகத்தைக் கேட்டுப் பாருங்கள். கம்பனிகள், தோட்டங்கள், கந்தோர்கள், அவற்றில் இருந்தவர்கள் என்று அந்தக் காலத்துக் கொழும்பே அதில் வரிசையாக இருக்கும். ஆனால் சாதாரண லிகிதரையும் கடைச் சிப்பந்தியையும் அதில் தேடி ஏமாற வேண்டாம்.

பழைய பத்திரிகைகளும் அங்கே கட்டிக் கிடக்கின்றன. வீரகேசரி 1930இலும் தினகரன் 1932இலும் தொடங்கியவை. மரண அறிவித்தல், பரீட்சைப் பெறுபேறு, பிரியாவிடைப் படம் என்று எங்கள் ஆட்கள் பத்திரிகையில் வந்த இடங்கள் கொஞ்சமல்ல. ஆனால் சரியான மாதமாவது தெரியாமல் பத்திரிகைக் கட்டைப் புரட்ட உட்காராதீர்கள். மற்றச் செய்திகளை வாசித்துக்கொண்டே இருந்துவிடுவீர்கள். நேரம் போவதே தெரியாது.

வீட்டில் இருந்தே செய்யக்கூடியது நூலகம் இணையத்தளத்தில் தேடுவது. 2005இல் தொடங்கிய இந்த எண்ணிம நூலகத்தில் பழைய பத்திரிகைகள், பாடசாலை மலர்கள், கோயில் மலர்கள், நினைவு மலர்கள் எல்லாம் பக்கம் பக்கமாக இருக்கின்றன. ஆளின் பெயரைப் போட்டால் கிடைப்பது அரிது. பள்ளிக்கூடத்தின் பெயர், ஊர், கோயில், தொழிற்சங்கம் என்று போட்டுத் தேடுங்கள். நூற்றாண்டு மலர் ஒன்றின் பின்பக்கத்துக் குழுப் படத்தில் அப்பா நிற்பார். வெள்ளவத்தையில் கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் நூல் நிலையத்திலும் இப்படியான மலர்கள் உண்டு. பள்ளிக்கூடத்துக்கே போவதானால் சேர்விடாப்பை, அதாவது மாணவர் சேர்ந்த பதிவேட்டைப் பார்க்க அதிபரிடம் கடிதம் கொடுத்துக் கேட்க வேண்டும். பரீட்சைக் காலத்தில் போகாதீர்கள்.

அம்மம்மாவை எழுதுவதானால்

மேலே சொன்ன பெரும்பாலான பத்திரம் ஆண்களுடையது. அப்பப்பாவுக்கு நியமனக் கடிதம், பென்சன் இலக்கம், ரயில் வாறண்ட் எல்லாம் இருக்கும். அம்மம்மா கலியாணத்தோடு திருமதி இன்னார் என்று கணவரின் பெயருக்குள் போய்விடுவார். பிறகு இறப்புப் பத்திரத்தில்தான் தொழில் என்ற கூட்டில் ஒரு கோடோடு வெளியே வருவார்.

அவருடைய ஆவணங்கள் வேறு இடத்தில் இருக்கின்றன. சீட்டுக் கணக்கு எழுதிய கொப்பி, அடகு ரசீது, பால்காரர் கணக்கு, தையல் மெஷின் தவணைக்கு எடுத்த துண்டு, சமையல் குறிப்பு எழுதிய பிள்ளையின் பழைய அப்பியாசக் கொப்பி. நகைகளைப் பற்றி அவர் பெண்பிள்ளைகளிடம் கேட்டால் பெரிய கதையே வரும். எந்தச் சங்கிலி எப்போது செட்டியார் தெருவுக்குப் போனது, யாருடைய படிப்புக்காக, அது திரும்பி வந்ததா என்பதை வரிசையாக எழுதினால் வீட்டின் பொருளாதார வரலாறு ஒரு பக்கத்தில் கிடைக்கும். அயலட்டையையும் கேளுங்கள். அந்த ஒழுங்கையில் இருந்த சிங்கள, முஸ்லிம், பறங்கி வீட்டுப் பெண்களுக்கு அம்மம்மாவைப் பற்றிச் சொந்தப் பிள்ளைகளுக்குத் தெரியாத விஷயம் தெரியும்.

கஷ்டமான இடங்கள்

கலவரத்தைப் பற்றி முதல் நாளே கேட்காதீர்கள். பழகிய பிறகு அவர்களாகவே வருவார்கள். வரும்போது இடையில் புகுந்து தேதி கேட்க வேண்டாம், தேதியைப் பிறகு பார்க்கலாம். யார் வீட்டில் ஒளித்திருந்தார்கள், பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி முகாமிலா இரத்மலானை விமான நிலையத்திலா இருந்தார்கள், முகாமில் என்ன சாப்பிட்டார்கள், வீட்டுக்குத் திரும்பிப் போனபோது என்ன மிஞ்சியிருந்தது என்று சின்ன விஷயங்களாகக் கேட்பது அவர்களுக்கும் சுகம். போதும் என்றால் போதும். போனை அணைத்துவிட்டுத் தேத்தண்ணி குடியுங்கள்.

1956இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்த பிறகு அரச கந்தோரில் இருந்த தமிழர் சிங்களப் பரீட்சை சித்தியடைய வேண்டியிருந்தது. சிலர் படித்தார்கள், சிலர் முரண்டு பிடித்து சம்பள உயர்வை இழந்தார்கள், சிலர் நேரத்தோடு ஓய்வு எடுத்தார்கள். உங்கள் அப்பப்பா எந்தப் பக்கம் என்று கேளுங்கள். பலர் இதை வீட்டில் கதைத்ததே இல்லை.

வீட்டு ரகசியங்கள் கட்டாயம் வரும். காணி வழக்கு, முதல் கலியாணம், சாதி பார்த்து முறிந்த சம்பந்தம். என் கணக்கு இது. சம்பந்தப்பட்டவர் உயிரோடு இருந்தால் அவரைக் கேட்காமல் எழுதாதீர்கள். அவரும் இல்லை, பிள்ளைகளும் ஒத்துக்கொள்கிறார்கள் என்றால் எழுதுங்கள். எழுதாமல் விடுவதானால் பேசாமல் விடுங்கள். அதை மூடுவதற்காகப் பொய்யாக ஒன்றை இட்டு நிரப்ப வேண்டாம்.

எழுதத் தொடங்கும்போது

பிறப்பில் தொடங்காதீர்கள். கொப்பியைப் புரட்டி எந்தப் பக்கத்தில் அதிகம் எழுதியிருக்கிறீர்களோ அந்தப் பக்கத்தை முதலில் எழுதுங்கள். கோட்டை ஸ்டேஷனில் இறங்கிய காலமையோ, சம்மரியோ, முதல் சம்பளமோ. அது இரண்டாம் அத்தியாயமாகப் போகுமா ஐந்தாம் அத்தியாயமாகப் போகுமா என்பதைப் பிறகு பார்க்கலாம்.

"அன்னார்" வேண்டாம். முதலில் முழுப் பெயரைச் சொல்லுங்கள், பிறகு நீங்கள் கூப்பிடும் முறைப் பெயரிலேயே எழுதுங்கள். ஒரு வசனம் எழுதியதும் இது வேறு யாருக்காவது பொருந்துமா என்று பாருங்கள். "கடமையே கண்ணாக உழைத்தார்" யாருக்கும் பொருந்தும். "மழை இல்லாத நாளில் கோட்டையில் இருந்து வீட்டுக்கு நடந்தே வருவார், மிச்சம் பிடித்த பஸ் காசைத் தகர டப்பாவில் போடுவார், அது நிறைந்தால் பெரியக்காவுக்குப் பள்ளிக்கூடச் சப்பாத்து" என்பது அப்பப்பாவுக்கு மட்டும்தான் பொருந்தும்.

தெரியாத ஆண்டுகளைத் தெரியாது என்றே எழுதலாம். "1961 முதல் 64 வரை அநுராதபுரத்தில் வேலை. அந்தக் காலத்தைப் பற்றி யாருக்கும் எதுவும் தெரியவில்லை" என்று இரண்டு வசனம் போட்டால் போதும். அதை வாசித்துவிட்டு "எனக்குத் தெரியுமே" என்று ஒருவர் வரவும் கூடும். இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்ன சம்பவத்தை இரண்டு விதமாகவே எழுதுங்கள், யார் சொன்னது என்று பெயரோடு.

பேச்சை மேற்கோளாகப் போடும்போது ஊர் வழக்கில் விடுங்கள். மற்றதை எழுத்துத் தமிழில் எழுதுங்கள். இரண்டையும் ஒரே வசனத்தில் குழைத்தால் வாசிக்க முடியாது.

அச்சு

ஐம்பது அறுபது பக்கம் தாராளம். அச்சகத்துக்குக் கொடுக்க முதல் யூனிகோட் எழுத்தில் தட்டெழுதி ஒரு பிரதியை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். பல அச்சகங்கள் இன்னும் பாமினி என்ற பழைய எழுத்துருவில்தான் வேலை செய்கின்றன, மாற்றும்போது எழுத்துக்கள் சிதறும், ஆகவே கடைசி ப்ரூஃபை நீங்களே வரி வரியாகப் பாருங்கள். பெயர்களையும் ஆண்டுகளையும் இன்னொருவரைக் கொண்டு பார்ப்பிப்பது நல்லது. நடுவில் பின் அடிக்கிற புத்தகம் என்றால் மொத்தப் பக்கம் நான்கால் வகுபட வேண்டும். படங்களை வட்ஸ்அப்பில் அனுப்பி வாங்கிய பிரதியாகக் கொடுக்காதீர்கள், அச்சில் மங்கிவிடும். ஸ்கேன் செய்த பெரிய கோப்பைக் கொடுங்கள். ஒவ்வொரு படத்துக்கும் கீழே இடமிருந்து வலமாகப் பெயர்.

விற்பனைக்கோ நூலகங்களுக்கோ என்றால் தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபையிடம் சர்வதேச நூல் இலக்கம் எடுக்கலாம். சொந்தக்காரருக்கு மட்டும் என்றால் தேவையில்லை. ஆனாலும் தமிழ்ச் சங்கத்துக்கு ஒன்று, அவர் படித்த பள்ளிக்கூடத்துக்கு ஒன்று, நூலகம் நிறுவனத்துக்கு ஒன்று கொடுத்துவிடுங்கள்.

புத்தகம் கைக்குப் போன கிழமையே போன் வரத் தொடங்கும். அந்தப் படத்தில் நிற்பது சின்னையா இல்லை, அவருடைய மச்சான். வேலைக்குச் சேர்ந்தது 57 இல்லை, 59. சீஆர் கொப்பியை எடுத்து, சொன்னவர் பெயரோடும் தேதியோடும் எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். "எனக்குத் தெரியுமே" என்று சொல்கிறவரிடம் மட்டும், போனை வைக்க முதல், அடுத்த ஞாயிறு வீட்டில் நிற்பாரா என்று கேளுங்கள்.